மாட்டாஸ்பத்திரி மிஸ்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் கேட்பதைவிட அதில் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சும். என் நாயைச் சட்டத்தின் வாயில் கொண்டுபோய்க் கொடுத்தது பிரதேச சபை இல்லை, பொலிஸ் இல்லை, எங்களைக் கண்டால் ஆகாத மேல்வீட்டுக்காரனும் இல்லை. நான்தான். அதற்கான சாட்சியை நானே தட்டச்சு செய்து, நானே அச்செடுத்து, ஓரத்தில் பூக்கொடியும் மூலையில் தங்க நிற முத்திரையும் வைத்து, லேமினேட் பண்ணி, கடைச் சுவரில் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டியும் வைத்தேன்.

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன டவுனில் எனக்குப் போட்டோகொப்பிக் கடை. பாஸ்போட் படம், போன் ரீலோட், விண்ணப்பம் நிரப்புதல், லேமினேட். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அரசாங்கத்தோடு ஏதாவது பேச்சு என்றால் அது என் மெசினுக்குள் நுழைந்துதான் போகும். அந்தத் திமிரில்தான் மொனராகலை பஸ் நிலையத்தில் ஒருவன் அட்டைப்பெட்டிக்குள் வைத்து விற்ற குட்டியை வாங்கினேன். அசல் ரொட்வைலர், தாயும் தகப்பனும் பங்களா நாய் என்றான். பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனான். இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அதனால் என்ன, பத்திரம் செய்வதுதானே என் தொழில். தாய் பெயர் குயின், தகப்பன் பெயர் ஜெனரல், பிறந்த இடம் நுவரெலியா என்று நானே ஒரு வம்சாவளி எழுதினேன். ஜெனரலின் மகன் என்பதால் குட்டிக்கு மேஜர் என்று பெயர் வைத்தேன். என் மனைவிக்கு ராணுவத்தில் நம்பிக்கை கிடையாது. அவள் 'தம்பி' என்றே கூப்பிட்டாள். பக்கத்து ஹார்ட்வெயார் கடை நானாவும் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒரு குரல் கொடுத்தால் நாங்கள் இரண்டு பேரும் எட்டிப்பார்ப்போம்.

நானா அந்தப் பத்திரத்தை முதல் தடவை வாசித்துவிட்டு, "தம்பி, நாய்க்குப் பொறப்புச் சான்றிதழ் இருக்கு. ஒங்களுக்கு இருக்கா?" என்று கேட்டார்.

மேஜர் வளர்ந்தான். தலை ரொட்வைலர், நெஞ்சு ரொட்வைலர், காது மட்டும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் திரிகிற நாய்களின் காது. குரைத்தால் கடையில் ஏ-ஃபோர் கடதாசிக் கட்டு அதிரும். எனக்கு அவன் மேல் பயம். நாய் வளர்க்கிறவன் நாய்க்குப் பயப்படுவது ஊருக்குத் தெரியக்கூடாது என்பதால், சோற்றுத் தட்டை விளக்குமாற்றால் தள்ளுகிற வேலையை வாசல் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். என் மனைவி அதே நாயின் காதைப் பிடித்துத் திருகி, "தின்னுட்டு தட்டக் கவுத்துப்போடுற, ஒனக்கு வேற வேல இல்ல?" என்று திட்டுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

இந்த நாயை வைத்துத்தான் எனக்கு அந்த மிஸ்ஸைத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மிருக வைத்திய அலுவலகத்துக்கு மாட்டாஸ்பத்திரி என்றுதான் பெயர். நாயைக் கொண்டுபோனாலும், கோழியைக் கொண்டுபோனாலும் அது மாட்டாஸ்பத்திரிதான். அங்கே டொக்டர்கள் வருவார்கள், மாறிப்போவார்கள். மிஸ் மட்டும் இருந்தார். அவருடைய பதவியின் பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. மாட்டைப் பிடிப்பார், ஊசி போடுவார், பதிவுக் கொப்பியில் எழுதுவார், டொக்டருக்குத் தமிழையும் எங்களுக்குச் சிங்களத்தையும் மாற்றிக்கொடுப்பார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அங்கிருந்தே முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்து, அங்கே பஸ் மாறி எங்கள் டவுனுக்கு வருவார். கையில் மடக்குக் குடை, தோளில் ஒரு பை, பைக்குள் ரப்பர் பூட்ஸ். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். யார் எதைச் சொன்னாலும் அந்தக் குரலில் ஒரே வார்த்தைதான் வரும்.

"காட்டுங்க."

மாடு மூன்று நாளாகத் தின்னவில்லை மிஸ். காட்டுங்க. ஆட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறது மிஸ். காட்டுங்க. காட்டு வழியாக நாலு மைல் நடந்து வந்தவன் வாயால் சொன்னதெல்லாம் அவர் காதில் விழும், ஆனால் கொப்பியில் விழாது. கடையில் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கொழும்பில் தங்கிப் படித்த மகன் பகலில் வீடியோவில் வருவான். "சாப்ட்டேம்மா" என்பான். "தட்டக் காட்டு" என்பார். ஒருநாள் அவர் என் கடையில் ஏதோ கொப்பி எடுக்க நின்றபோது அவன் கழுவின தட்டைக் காட்டினான். "கழுவின தட்டு யாரு வேணும்னாலும் காட்டுவான். பாத்திரத்தக் காட்டு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பையன் பாத்திரத்தைக் காட்டும்வரை போனை வைக்கவும் இல்லை.

விசர்நாய்த் தடுப்பூசி போடத் தோட்டம் தோட்டமாகப் போவார்கள். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், மேசை போட்டு உட்காருவார்கள். ஆட்கள் அட்டையை மட்டும் எடுத்து வந்து நீட்டுவார்கள். நாய் கொழுந்து மலைக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தில் சம்பந்தம் பேசப் போயிருக்கும். "சும்மா ஒரு சீலக் குத்துங்க மிஸ், நாளைக்கு ஊசி போட்டுக்கிறோம்." மற்ற இடங்களில் குத்துவார்களோ என்னவோ தெரியாது. மிஸ் அட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நாய் வரும்வரை உட்கார்ந்திருப்பார். மழை வந்தால் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருதடவை பின்னேரம் நாலு மணிக்கு மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு நாய்க்காக வேன் காத்திருந்தது. டிரைவர் வாய்விட்டே திட்டினார்.

"ஏன் மிஸ் இப்படி?" என்று என் கடையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவரிடம் நான் ஒருநாள் கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரிக் கேட்க வராது.

"ஒருக்கா பாக்காம எழுதிட்டேன்" என்றார். பேனா மூடியைப் போட்டார். எழுந்து போய்விட்டார்.

எந்த ஊர், எந்த அட்டை, யாரை எந்த நாய் கடித்தது, எதுவும் சொல்லவில்லை. போட்டோகொப்பி மெசினைத் திறந்து, சிக்காத கடதாசியை எடுப்பதுபோல் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன்.

அப்புறம் அந்த அறிவித்தல் வந்தது. கடிநாய்கள் என்று பட்டியலிட்ட இனங்களை வைத்திருப்பவர்கள் நாயைப் பதிவு செய்ய வேண்டும்; கருத்தடை செய்து அரசாங்க மிருக வைத்தியரின் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும்; தவணைக்குள் செய்யாவிட்டால் 'நாய் சபையால் பொறுப்பேற்கப்படும்'. பொறுப்பேற்று என்ன செய்வார்கள் என்று எழுதவில்லை.

அதைப் போட்டோகொப்பி எடுக்கச் சபைப் பியோன் என் கடைக்குத்தான் வந்தார். பட்டியலில் இரண்டாவது பெயர் ரொட்வைலர். என் தலைக்கு மேலே சுவரில் ரொட்வைலர். பியோன் கையில் இருந்ததைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சேர், மொதல் பேரா ஒங்க பேரையே எழுதிக்கிறேன்" என்றார்.

நான் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"மிஸ், அது அசல் இல்ல. லயத்து நாய்க் கலப்பு. அப்பன் யாருன்னே தெரியாது."

"பத்திரத்துல ஜெனரல்னு போட்டிருக்கு."

"அது சும்மா போட்டது மிஸ்."

"அப்ப இது மட்டும் சும்மா சொல்றது இல்லையா?" என்றார். பிறகு, தெரிந்ததுதான்: "நாயக் காட்டுங்க."

பஸ்ஸுக்குப் போகிற வழியில் வீட்டுக்கே வந்தார். என்னைப் பார்த்தாலே உறுமுகிற மேஜர் அவருடைய முழங்காலில் சாய்ந்துகொண்டு நின்றான். அவர் தாடையைச் சாண் வைத்து அளந்தார், பல்லைப் பார்த்தார், பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், காதை மடித்துப் பார்த்தார். "கலப்புதான்" என்றார். எனக்கு மனசு குதித்தது. "ஆனா கலப்பும் சேத்தின்னு அடியில போட்டிருக்கே, பாக்கலையா?"

பார்க்கவில்லை. என் மெசின் நீளமான கடதாசியில் கடைசி வரியை வெட்டிவிடும். ஊருக்கெல்லாம் அறிவித்தலைக் கொப்பி போட்டுக் கொடுத்தவன், வெட்டுப்பட்ட கொப்பியை வைத்துச் சட்டம் பேசப் போயிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு யோசனை வந்தது. பண்டாரவளையில் தனியார் இடத்தில் கருத்தடை பண்ணியாயிற்று, பேப்பர்தான் தொலைந்துபோய்விட்டது என்று சொன்னேன்.

"காட்டுங்க."

"பேப்பர்தான் மிஸ் தொலஞ்சு..."

"பேப்பர யாரு கேட்டா?" அவர் நாயின் பின்பக்கம் போனார். வாலைத் தூக்கினார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. "ரெண்டும் இருக்கு" என்றார்.

ஏன் இவ்வளவு பாடு, பேசாமல் கூட்டிக்கொண்டு போய் அறுத்துக்கொண்டு வர வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானாவும் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில்கள் பல. உண்மையான பதில் இரண்டு. ஒன்று, அந்த நாயைப் பிடித்துக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை. மற்றது, மயக்க ஊசி போட்டால் சில நாய் எழும்பாது என்று யாரோ சொன்னார்கள். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு நான் பகிடி விட்டுத் திரிந்தேன்.

இதற்கிடையில் மேல் டிவிஷனில் ஒரு டிரைவர் வளர்த்த வெள்ளை பிட்புல்லைச் சபை வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் பதிவே செய்யவில்லையாம். என் மனைவி அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அந்த மனுசன் ரோட்டோரத்துல நிக்கிறாருங்க. கையில சங்கிலி மட்டும். சங்கிலிய கீழ போடவும் தெரியல, வீட்டுக்குக் கொண்டுபோகவும் தெரியல. அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

அன்றிலிருந்து அவள் வாசலில் ஒரு வாகனம் நின்றால் நாயைக் காம்பராவுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். மீன் வண்டி வந்தாலும் அப்படித்தான்.

எங்களுக்குத் தவணை முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. டொக்டர் சத்திரசிகிச்சை செய்வது வியாழக்கிழமை மட்டும். முதல் வியாழன் எந்த ஓட்டோக்காரனும் மேஜரை ஏற்றச் சம்மதிக்கவில்லை. இரண்டாவது வியாழன் மழையில் மண் சரிந்து பாதை மூடிப்போனது. மிஞ்சியது தவணைக்கு முந்தின நாள், ஒரே ஒரு வியாழன். நானா தன் சின்ன லொறியைத் தருகிறேன் என்றார். மிஸ் போனில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"முந்தின ராத்திரியிலருந்து ஒண்ணும் குடுக்கக் கூடாது. தண்ணிகூட விடியக்காலத்தோட சரி. வயித்துல இருந்தா மயக்கத்துல வாந்தி வரும். அது மூச்சுக் கொழாய்க்குள்ள போனா நாய் போயிரும். வெளங்குதா?"

எனக்கு விளங்கியது. மனைவியிடம் நான் சொன்னது: "நாளைக்கு வெறும் வயிறு." அவ்வளவுதான். மீதியைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். மடத்தனம் எப்போதும் நல்ல எண்ணத்தோடுதான் எனக்குள் நுழையும்.

வியாழன் காலை. நானா ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் மனைவியும் மேஜரும். மாட்டாஸ்பத்திரி வாசலில் இறங்கிப் பார்த்தால் மேஜரின் நெற்றியில் திருநீறு, நடுவில் குங்குமம். வாயோரத்தில் ஏதோ பளபளவென்று இருந்தது.

"என்னாது இது?"

"விடிய முனிக்குப் படைச்சுட்டு வந்தேங்க."

முனி என்றால் ரோதமுனி, தேயிலைத் தொழிற்சாலைச் சாமி. கொழுந்து அரைக்கிற சக்கரங்கள் ஆளை இழுக்காமல் காக்கிறவர். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு கல்லும் சூலமுமாக இருக்கிறார். என் மனைவியின் அப்பா ஆயுசு முழுக்க அந்தச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் நின்றவர், பத்து விரலோடு ஓய்வு பெற்றவர். அதனால் இரும்பு, கத்தி என்று எது வந்தாலும் அந்த வீட்டில் முதல் சொல் முனிக்குத்தான்.

"படைச்சது சரி. நாய்க்கு என்னா குடுத்த?"

"பிரசாதம்."

"என்னா பிரசாதம்?"

"சோறும் கோழியும். கொஞ்சம்தான்."

"வெறும் வயிறுன்னு சொன்னேன்ல!"

"சாப்பாடா குடுத்தேன்? பிரசாதங்க. அது வயித்துல சேராது" என்றாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. நாயைக் காக்க உலகத்தில் யார் யாரிடம் சொல்ல வேண்டுமோ அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்த முகம் அது.

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். டொக்டர் சின்னப் பையன், சிங்களவர், நல்ல மனிதர். ராத்திரியிலிருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். மிஸ் அதையே தமிழில் கேட்டார். இல்லை என்று தமிழிலும் சொன்னேன். இந்த நாட்டின் இரண்டு அரசகரும மொழிகளிலும் அடுத்தடுத்துப் பொய் சொன்ன பிரஜை நான்.

மிஸ் மேஜருக்கு முன்னால் குந்தினார். பஞ்சு ஒன்றை எடுத்து அவன் தாடையைத் துடைத்தார். பஞ்சைப் பார்த்தார். வாய்க்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனார். வயிற்றின் இரண்டு பக்கமும் கையை வைத்து மெதுவாக அழுத்தினார். பிறகு எழுந்து டொக்டரிடம் ஏதோ சொன்னார்.

"வெளிய இருங்க. நீங்க கடைசி" என்றார் என்னிடம்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்தோம். ஒரு ஆடு உள்ளே போனது. ஒரு பூனை போனது. ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் நான் பாதி எழுந்து திரும்ப உட்கார்ந்தேன். நானா லொறிக்குள் இருந்து, "என்ன தம்பி, ஒங்களுக்கா ஒப்பரேசன்?" என்று கேட்டார். கையை மட்டும் ஆட்டினேன்.

கணக்குச் சுலபமாக இருந்தது, அதுதான் பயங்கரம். சொன்னால் திருப்பி அனுப்புவார்கள், நாளையோடு தவணை முடியும், வாகனம் வரும். சொல்லாவிட்டால் பத்துக்கு எட்டுத் தடவை ஒன்றும் ஆகாது. ஆகலாம். ஆகாமலும் போகலாம். எட்டா, ஏழா? எனக்கு எப்படித் தெரியும், நான் போட்டோகொப்பிக் கடைக்காரன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "என்னாங்க இப்படி வேர்க்குது?"

"ஒண்ணும் இல்ல."

"வெறும் வயிறு எதுக்குங்க கேக்குறாங்க?"

சொன்னேன். வாந்தி, மூச்சுக் குழாய், எல்லாவற்றையும். ராத்திரியே சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். அவள் கை நாயின் முதுகில் அப்படியே நின்றது.

"உள்ள என்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் குடுக்கலன்னு."

"ஏன்?"

"நாளைக்குத் தவண முடியுது. தூக்கிக்கிட்டுப் போயிருவான்."

"சங்கிலியோட நின்னாரே, அவரு நாய் எங்கயாவது உசுரோட இருக்கும்" என்றாள். "கூண்டுலயாவது இருக்கும். போய்க் கெஞ்சலாம். இது இந்தக் கதவுக்குள்ள செத்துப்போனா யாருகிட்டங்க போய்க் கெஞ்சுறது?"

"இரு, பொறு..."

"நான்தானே குடுத்தேன். என் மேல போடுங்க. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டா?"

அவள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம். அவளை நிறுத்தத்தான் பிடித்தேன். பிடித்த பிறகும் அவள் கதவின் பக்கம்தான் ஓர் அடி எடுத்து வைத்தாள். விட்டுவிட்டு நான் எழுந்தேன்.

மிஸ் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மிஸ்."

தலை நிமிரவில்லை.

"நாய் சாப்பிட்டுருச்சு மிஸ். சோறும் கோழியும். நான் பொய் சொல்லிட்டேன்."

"எத்தன மணிக்கு?"

"ஆறு இருக்கும்."

எழுதிக்கொண்டிருந்ததை விட்டு, எழுதி முடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து, அதில் ஓரிடத்தில் ஆறு என்று எழுதினார். அதற்காகவே இடம் விட்டு வைத்திருந்தார். தாளை என் பக்கம் தள்ளினார். டொக்டரின் கையெழுத்து ஏற்கெனவே அடியில் காய்ந்திருந்தது.

'ரொட்வைலர் கலப்பு ஆண் நாய் ஒன்றை உரிமையாளர் தவணைக்குள் கொண்டுவந்தார். பார்த்தேன். காலை 6 மணிக்கு உணவு உண்டிருந்தது. இன்று சத்திரசிகிச்சை செய்ய முடியாது. அடுத்த வியாழன் கொண்டுவரும்படி சொல்லப்பட்டது.'

பொய் சொன்னார் என்று அதில் இல்லை. மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன், இல்லை.

"இத நாளைக்குச் சபையில குடுங்க" என்றார்.

"எடுப்பாங்களா மிஸ்?"

"அது எனக்குத் தெரியாது. போய்க் கேளுங்க."

அந்த வெள்ளிக்கிழமை சபையில் அந்தத் தாளை நீட்டியபோது என் வாழ்க்கையில் முதல் தடவையாக, லேமினேட் செய்யாத, முத்திரை, பூக்கொடி எதுவும் இல்லாத ஒரு கடதாசிக்காகச் சாமி கும்பிட்டேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் எனக்குத் தெரிந்தவர்தான், ஆனால் அன்றைக்குத் தெரியாதவர் மாதிரி இருந்தார். தவணை முடிந்தால் முடிந்ததுதான், ஆளுக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தால் சபை எப்படி நடக்கும் என்று சொல்லிக்கொண்டே வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது அந்த மிஸ் எழுதினதா?"

"ஆமாங்க."

"பார்த்தேன்னு போட்டிருக்காங்களே" என்றார், தனக்குத்தானே. பெரட்டுக் களத்தில் நாலு மணிவரை உட்கார்ந்திருந்த அந்த மனுசி இவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் தவணை நீட்டி எழுதி ஒப்பம் வைத்தார்.

அந்த ஒரு வாரமும் வாசலில் மீன் வண்டி நின்றால் கதவைச் சாத்தினது நான்.

அடுத்த புதன் இரவு மனைவி சமைக்கவே இல்லை. நாய்க்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம் என்றுவிட்டாள். வியாழன் காலை மூன்று வெறும் வயிறுகள் லொறியில் ஏறின. உள்ளே மேசைக்குக் கிட்ட நான் வழக்கம்போல் மனைவிக்குப் பின்னால் நின்றேன்.

"நீங்க வாங்க. பிடிங்க" என்றார் மிஸ்.

"எனக்குப் பழக்கம் இல்ல மிஸ். இவதான்..."

"பதிவு யாரு பேருல?"

"என் பேருல."

"அப்ப பிடிங்க."

பிடித்தேன். அவ்வளவு கிட்டத்தில் அவனை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அவனும் நடுங்கினான். ஊசி போன பிறகு அவன் தலை என் முழங்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரமாகி, பிறகு முழுப் பாரமாகிவிட்டது. என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அது அவன் செய்த காரியம் என்றுதான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

வெளியே வாங்கில் மறுபடி அதே கதவு. மனைவி வாய்க்குள் முனியோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச யாரும் இல்லாததால் சுவரில் இருந்த மாட்டுப் படத்தின் உறுப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு எத்தனை வயிறு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதவு திறந்தது. மிஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே எட்டிப்பார்த்தார்.

"முழிச்சிருச்சு. வந்து பாத்துக்கோங்க."

நாக்கு வெளியே தொங்க, கண் பாதி திறந்து, உலகத்தையே அடையாளம் தெரியாமல் படுத்திருந்தான் மேஜர். மனைவி காதைத் திருகினாள். வால் நுனி ஒருதடவை அசைந்தது.

சான்றிதழை லேமினேட் செய்து, வம்சாவளியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினேன். நானா வந்து பார்த்தார். "அப்ப ஜெனரல் வம்சம் இத்தோட முடிஞ்சு போச்சா, தம்பி?" என்று கேட்டார். நானும் மேஜரும் ஒன்றாக எட்டிப்பார்த்தோம்.

அதற்கு அடுத்த வருடம் மிஸ்ஸுக்கு மொனராகலைப் பக்கம் மாற்றம் வந்தது. பதுளை பஸ் நிலையத்தில் தற்செயலாகத்தான் கண்டேன். ஜன்னலோர இருக்கை, மடியில் பூட்ஸ் பை. பஸ் உறுமிக்கொண்டிருந்தது. எனக்குள் ஒரு கேள்வி அத்தனை மாதமாக அரித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தாளை எழுதி முடித்திருந்தாரே, மணிக்கு இடமும் விட்டு. பொய் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கெட்டித்தனம் உண்டு என்று நினைத்திருந்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, எந்த இடத்தில் பிடித்திருப்பார், கண்ணிலா, உதட்டிலா என்று பல நாள் ஆராய்ந்திருக்கிறேன்.

ஜன்னலுக்குக் கீழே ஓடிப்போய் நின்றேன்.

"மிஸ், அன்னைக்கி நான் பொய் சொன்னது என் மூஞ்சியில அப்படியா தெரிஞ்சிச்சு?"

"ஒங்க மூஞ்சிய யாரு பாத்தா, நான் நாயத்தானே பாத்தேன்" என்றார்.